பச்சை எழுத்தில் ஒரு சம்மதம்

அத்தியாயம் 11

மஸ்கட்டில் குடும்பத்தோடு தங்கக் கம்பெனி வீடு கிடைக்கும் என்று செல்வின் எழுதிய நாளிலிருந்து மெர்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவனோடு அவள் வாழ்ந்தது, அவன் லீவில் வந்த நாட்கள் மட்டும்தான். போன வாரம் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது, மகள் ஷீலாவின் பெயரையும் சேர்த்து. முழுப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதாகப் பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டரிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் உலையை ஏற்றிவிட்டு, ஹாலில் இருந்த கம்ப்யூட்டரின் உறையை எடுத்தாள். மோடம் கிறீச்சிட்டு முனகி ஒருவழியாக லைன் பிடித்தது. செல்வினிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது.

எல்லாரையும் போல அவனும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பான். முதல் வரியே அவளுக்கு.

“மெர்சி, நீ சொன்ன மாதிரியே வீடு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். வேற ஆளுக்கு ஒதுக்கிட்டாக. அப்பாவையும் தங்கச்சியையும் நெனச்சு நீ இந்த முடிவுக்கு வந்திருக்க. உன் பெரிய மனசு யாருக்கும் வராது.”

அவள் அதை மறுபடியும் படித்தாள். அடுப்பில் உலை பொங்கி அணைந்த வாசனை வந்தது. எழுந்து போக வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

வீடு வேண்டாம் என்று அவள் எப்போது சொன்னாள்? யாரிடம் சொன்னாள்? அனுப்பிய மெயில்கள் இருக்கும் பகுதிக்குப் போய்த் தேடினாள். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன ஒன்று கிடைத்தது. மூன்றே வரி.

“வீடு இப்போ வேண்டாம். இங்கேயே இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க.”

எல்லாம் சாய்வான சின்ன எழுத்தில், பச்சை நிறத்தில் இருந்தது.

அந்த வீட்டில் பச்சை என்றால் மெர்சி.

அந்த நிற ஏற்பாட்டைச் செய்தவள் செல்வினின் தங்கை யூஜினியா. செக்காலை ரோட்டில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்தும் நிறமும் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. வீட்டுக்கு இருந்தது ஒரே மெயில் விலாசம். எல்லாரும் ஒரே கடிதத்தில் மாறி மாறி எழுதி அனுப்ப, எது யார் எழுதியது என்று புரியவில்லை என்று செல்வின் குறைப்பட்டான். அதற்காகத்தான் அவள் ஆளுக்கு ஓர் எழுத்தும் நிறமும் பிரித்துக் கொடுத்தாள். அப்பா ஞானசேகருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பெரிய கறுப்பு எழுத்து. அவர்தான் தினமும் உட்கார்ந்து எழுதுகிறவர் என்பதால், புதுக் கடிதம் திறந்தாலே தானாக அந்த எழுத்து வரும்படி புரோகிராமில் மாற்றி வைத்தாள். தனக்கு நீலம். மெர்சியிடம் கேட்டபோது அவள் அதிகம் யோசிக்காமல் பச்சையைத் தொட்டாள்.

‘எத்தனை பேர் எழுதினாலும் பச்சையத்தான் முதல்ல தேடிப் படிப்பேன்’ என்று செல்வின் ஒருமுறை எழுதியிருந்தான். வெட்கப்பட்டுக்கொண்டே அதை அவள் பல தடவை திறந்து பார்த்திருக்கிறாள். இப்போது அந்தப் பச்சையைப் பார்க்க அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

யூஜினியா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். மெர்சி திரையைக் காட்டினாள். யூஜினியா ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லாத விஷயம் போலச் சொன்னாள்: தானாக வரும் நிறம் எப்படியோ பச்சைக்கு மாறியிருக்கும், அப்பா கவனிக்காமல் அடித்து அனுப்பியிருப்பார், கம்ப்யூட்டரில் இதெல்லாம் சகஜம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

மெர்சி அதை நம்பினாள். நம்பியதால் கோபம் இன்னும் ஏறியது.

மாமனார் காலைப் பூசைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அவளும் ஷீலாவும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியாக வேண்டும். வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். மருமகளை மகள் மாதிரி நடத்துகிறவர் என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மஸ்கட் போவது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். மகனுக்குத் தனியாக எழுதி, நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வாரமாக அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாரே.

பள்ளிக்கூடத்தில் தலைமை சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு நல்ல செய்தி என்றார். அவளுடைய இடத்துக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒரு பெண் வரச் சம்மதித்துவிட்டாளாம். மெர்சி நிம்மதியாகக் கிளம்பலாம். சிஸ்டர் சிரித்த முகத்தோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தேங்க்யூ சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்கு வராந்தாவில் நிற்கவே முடியவில்லை. போக வேண்டிய வீடும் இல்லை. இருந்த வேலையும் இல்லை. இரண்டையும் மூன்று வரி எடுத்துக்கொண்டுபோய்விட்டது.

அதை எழுதியவர் மீது மட்டுமா கோபம்? அதைப் படித்தவன்? வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பேசுகிறான். இன்று சாயங்காலம் வரை பொறுத்து, இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளக் கூடவா அவனுக்குத் தோன்றவில்லை?

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஞானசேகர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மகனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றை விரலால், கம்பத்தில் ஆணி அறைவது போல ஒவ்வொரு எழுத்தாக அடிப்பார்.

மெர்சி பையைக் கூட இறக்கி வைக்கவில்லை. ஷீலாவைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினாள். நான் போகக்கூடாது என்றால் என்னிடம் சொல்லக்கூடாதா, எனக்குத் தெரியாமல் எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

“என்ன எழுதினேன்? இங்குட்டு வந்து காட்டு தாயி.”

அவள் அந்த மெயிலைத் திறந்தாள். அவர் திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார்.

“இம்புட்டுச் சின்ன எழுத்து எனக்குக் கண்ணுக்கே தெரியாதே. பச்சையில வந்திருந்தா நான் என்ன அடிக்கிறேன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

நிறம் தானாக மாறியிருக்கும் என்று யூஜினியா சொன்னதை அவள் சொன்னாள். அவர் புதுக் கடிதம் ஒன்றைத் திறந்து ஒரு எழுத்தைத் தட்டினார். அது பெரிதாக, கறுப்பாக வந்து விழுந்தது. வைத்த நாளிலிருந்து அது மாறியதே இல்லை, மாறியிருந்தால் அன்றைக்கே யூஜினியாவைக் கூப்பிட்டிருப்பேன் என்றார்.

பிறகு, அந்தப் பச்சை வரிகளை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி அவளைக் கேட்டார். அவள் படித்தாள். கடைசி வார்த்தைக்கு வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“படாதீங்க. என் மகனுக்கு நான் எதுக்குத் தாயி ‘படாதீங்க’ன்னு எழுதப் போறேன்? ‘கவலைப்படாதடா’ன்னுதான எழுதுவேன்?”

 அது மெர்சிக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவள் கண்டரமாணிக்கம் கிராமத்துக்காரி. பேசுவதும் எழுதுவதும் ‘படாதீக’தான். அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் வேடிக்கையாக இருக்கிறது என்று செல்வினே சிரிப்பான். அந்த வீட்டில் ‘வாங்க, சாப்டீங்களா, கவலைப்படாதீங்க’ என்று டவுன் பேச்சுப் பேசுகிறவள் ஒருத்திதான். மெட்ராஸில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்ததிலிருந்து யூஜினியா, மதினியை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள்.

மாமனாருக்கும் அது புரிந்துவிட்டது என்று மெர்சி கண்டுகொண்டாள். அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து தன் அறைக்குப் போனார்.

மெர்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யூஜினியா பக்கத்தில் நின்று பார்த்தே அந்த புரோகிராமின் மூலைமுடுக்கெல்லாம் அவளுக்கும் பழகியிருந்தது. ஆப்ஷன்ஸுக்குள் போனாள். எழுத்தின் வடிவமும் நிறமும் சேர்ந்து போகிறபடி இருந்ததை, வெறும் எழுத்து மட்டும் போகிறபடி மாற்றினாள். பச்சை, நீலம் எல்லாப் பெட்டிகளும் வெளிறிப் போய் அழுத்த முடியாதவையாகிவிட்டன. திரையில் மாமா படிப்பதற்கான பெரிய எழுத்தை மட்டும் விட்டுவைத்தாள்.

வேலை முடிந்து யூஜினியா உள்ளே வந்தபோது மெர்சி திரும்பக் கூட இல்லை.

“யூஜினியா, ‘கவலைப்படாதீக’ன்னுதான் நான் எழுதுவேன்னு உனக்குத் தெரியாதா?”

யூஜினியா முதலில் புரியாதவள் போல நின்றாள். காலையில் சொன்னதையே மறுபடியும் தொடங்கினாள். பாதியில் அப்பாவின் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். கைப்பையை மேஜை மேல் வைத்தாள்.  அவள் குரலில் அழுகையோடு கோபமும் இருந்தது.

அவளுக்கு மெட்ராஸில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். மஸ்கட் வீட்டுச் செய்தி வந்த அதே வாரத்தில் ஆர்டரும் வந்ததாம். எல்லாரும் ஷீலாவைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவள் அதை யாரிடமும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம். அண்ணி போய்விட்டால் அப்பாவோடு யார் இருப்பது என்று யாராவது ஒருவர் கேட்பார்கள் என்று காத்திருந்தாளாம். யாரும் கேட்கவில்லை. அவள்தான் இருப்பாள் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

“நீங்க மஸ்கட் போயிருவீங்க. அண்ணன் அங்க. நான் எங்கிட்டு மதினி போறது?” என்றாள். டவுன் பேச்சு எங்கேயோ நழுவிவிட்டது.

மெர்சிக்கு அது சுட்டது. உண்மைதான், அவள் கேட்கவில்லை. மாமாவுக்கு யூஜினியா இருக்கிறாள் என்று அவளும்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

“மதினி வரக்கூடாது, நான் மெட்ராஸ் போகணும்னு உன் நீல எழுத்துல எழுதியிருக்கலாம்ல. நானும் நீயும் சண்டை போட்டுருப்போம், அம்புட்டுத்தான். என் வாயில உன் சொல்ல வச்சு அனுப்பிட்டியே யூஜினியா. அவுகளும் அதுக்கு எனக்குப் பெரிய மனசுன்னு பட்டம் கொடுத்துட்டாக. எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்ல. எனக்கு என் புருஷன்கூட இருக்கணும்.”

அப்படிச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே ஒரு கணம் கூச்சமாக இருந்தது. சொன்னதை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஞானசேகர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளைத் திட்டுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் இருவரையும் சேர்த்தே பார்த்தார்.

“என்னைய யார் பாத்துக்கிறதுன்னு ஆளாளுக்குப் பங்கு பிரிக்கிறீக. பாத்துக்கங்கன்னு நான் கேட்டனா? ஒரு நாளாச்சும் கேட்டனா?”

ஆபரேஷன் ஆனது ஒரு கண்ணில்தான், கையும் காலும் நன்றாகத்தான் இருக்கிறது, சோறாக்கவும் துணி துவைக்கவும் தெரியும் என்றார். குரல் உடையாமல் இருக்க மெதுவாகப் பேசினார். மகள் தனக்கு வேலை வந்ததை அப்பனிடம் மறைத்ததுதான் அவருக்குப் பொறுக்க முடியாத விஷயமாக இருந்தது. அது மெர்சிக்குப் புரிந்தது. யூஜினியா சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை.

விளக்கு வைத்த சற்று நேரத்தில் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை போன். வழக்கமாக ஷீலா ஓடிவந்து எடுப்பாள். அவள் இன்னும் பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை.

மெர்சி எடுத்தாள். சாப்பிட்டாயா, ஷீலா எங்கே, அப்பா எப்படி இருக்கிறார் என்று செல்வின் வரிசையாகக் கேட்டான். அவள் அவனை நிறுத்தினாள். அந்த மூன்று வரியைத் தான் எழுதவில்லை என்று சொன்னாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை. தனக்கு வீடு வேண்டும், கம்பெனியில் மறுபடி கேளுங்கள் என்றாள்.

அவன் அதிர்ந்துபோவான், கத்துவான், யார் எழுதியது என்று கேட்பான் என்று எதிர்பார்த்திருந்தாள்.  

ஆனால் செல்வின் மெதுவாகச் சொன்னான்.

“நீ எழுதலன்னு தெரியும்.”

“என்ன சொல்றீக?”

“படாதீங்கன்னு இருந்துச்சு. நீ அப்படி எழுத மாட்டேல்ல. பாத்த ஒடனேயே தெரியும் மெர்சி.”

மெர்சி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள். காலையிலிருந்து மாமனார் மீது வைத்த கோபம், யூஜினியா மீது வைத்த கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர்களாவது அவள் முகத்துக்கு நேரே நின்றார்கள்.

“தெரிஞ்சுக்கிட்டே எனக்குப் பெரிய மனசுன்னு எழுதினீக,” என்றாள்.

அவன் அவசரமாகப் பேசத் தொடங்கினான். இங்கே ஒரு விஷயம் இருக்கிறது, இப்போது குடும்பத்தைக் கூட்டிவர முடியாத நிலைமை, அவளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அந்த மெயில் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டுவிட்டேன், தப்புதான் என்றான். என்ன விஷயம் என்று அவள் கேட்டாள். போனில் சொல்ல முடியாது, விவரமாக மெயில் எழுதுகிறேன் என்றான்.

“மெயில் வேண்டாம்,” என்றாள் மெர்சி. “நீக எழுதுறத நான் இனிமே படிக்க மாட்டேன். கறுப்புல எழுதினாலும் படிக்க மாட்டேன், பச்சையில எழுதினாலும் படிக்க மாட்டேன். லீவு போட்டு வந்து, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாள். எப்போதும் அவன் வைத்த பிறகுதான் அவள் வைப்பாள். டக்கென்ற சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

ஞானசேகர் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மகனோடு பேச வேண்டும் என்று காத்திருந்தவர், போன் வைக்கப்பட்டதைப் பார்த்துக் குழம்பிப்போய், செல்வின் என்ன சொன்னான் என்று கேட்டார்.

“வாராக மாமா,” என்றாள் மெர்சி. “அடுத்த மாசம் வாராக.”

அவர் முகம் தெளிந்தது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் இருக்கும் பேத்தியிடம் சொல்வதற்காகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

போனுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்ற யூஜினியா, அண்ணன் பேசியதையும் சேர்த்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து மெர்சியைப் பார்த்தாள்.

மெர்சியும் பார்வையைத் திருப்பவில்லை.